வேடியப்பன் மேல் சத்தியம்

எங்கள் ஊரில் நின்றுகொண்டு "வேடியப்பா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாலாவது ஆள் ஊர் எல்லையில் கல்லாக நிற்கிற சாமி. அது திரும்பாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூவரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அந்த வருஷம் மலையில் பிறந்த குழந்தைகள் தங்காமல் போய்க்கொண்டிருந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மூன்று பேர் அந்தக் கல்லிடமே போய் வேண்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் தங்கின. வேறு பெயர் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று மூன்று பேருக்கும் அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். சாமிக்கென்ன, கூப்பிட்டு அவதிப்படுகிறவர்கள் நாங்கள்தானே. அவர்கள் வளர்ந்து ஆளுக்கொரு வேலைக்குப் போன பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. வேலையைப் பெயருக்கு முன்னால் ஒட்டினோம்.

புளி வேடியப்பன் மரம் ஏறுகிறவன். அவன் அப்பன் விட்டுப்போனது ஒன்பது புளியமரமும், சாமை விதைக்க மேட்டில் ஒரு துண்டு நிலமும். கால் விரல்கள் பத்தும் பத்துத் திசையில் விரிந்திருக்கும். தரையில் நடக்கும்போது வாத்து மாதிரி நடப்பான். மரத்தில் பார்க்கவேண்டும், கிளைமேல் நின்று இரண்டு கையையும் விட்டுவிட்டுக் காலாலேயே உலுக்குவான்.

காக்கி வேடியப்பன் காட்டு வாச்சர். சர்க்கார் கொடுத்த சட்டையில் இரண்டு பித்தளைப் பொத்தான் இருக்கும், மூன்றாவது இடத்தில் ஊக்கு. அந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து இருமுவதைக்கூட அதிகாரமாக இருமுவான்.

தோல் வேடியப்பன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்று தோலைப் புரட்டுகிறவன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவான். வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் உட்காருவோம்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசிக் கடைசியில் காட்டில் தீப்பிடித்தது. சருகு காய்ந்து கிடந்த நேரம். ஓடைக்கு இந்தப் பக்கம் தாவி, பெரியம்மாளின் மாட்டுக்கொட்டகையும் வைக்கோல் போரும் கறவை மாடு ஒன்றும் எரிந்துபோயின. கயிறு அறுபடாமல் மாடு கத்திய கத்தல் ஊர் முழுக்கக் கேட்டது. பெரியம்மாள் மூன்று நாள் சோறு தின்னவில்லை. நாலாம் நாள் ஊர்க்கூட்டத்தில் வந்து நின்று, "அந்தப் பக்கம் காலைல போனவன் காக்கி ஒருத்தன்தான். எங்கண்ணால பாத்தேன். வாயில பீடி இருந்துச்சி" என்றாள்.

தீ வராமல் காவல் காக்கிறவன் கையாலேயே தீ வந்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும். காக்கி குதித்தான். "பீடி வாயில இருந்தா காட்ல போட்டேன்னு அர்த்தமா? கல்லாண்ட வாங்க, அடிச்சி சத்தியம் பண்றேன்."

எங்கள் ஊர் வழக்கம் இப்படி. வேடியப்பன் கல்லுக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, சத்தியம் செய்கிறவன் தன் பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்லி, குற்றம் தன்னுடையதல்ல என்று உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். அன்றிலிருந்து நாற்பத்தெட்டு நாள் கெடு. பொய்ச்சத்தியமாக இருந்தால் அதற்குள் அவனையோ அவன் வீட்டையோ சாமி அடிக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் அவன் சுத்தம், அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"வேடியப்பன் சொல்றேன், வேடியப்பன் சொல்றேன், வேடியப்பன் சொல்றேன். தீ என் கையால வரல" என்று காக்கி ஓங்கி அடித்தான். கற்பூரம் அணைந்தது. ஊர்க்கவுண்டர் விபூதி கொடுத்தார். எல்லோரும் கலைந்தோம். புளி வேடியப்பன் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சுண்டைக்காயாக இருந்தது.

புளி வேடியப்பன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் படல்தான். அன்று பொழுது சாயும் நேரத்தில் உலர்த்தியிருந்த கொள்ளுப்பயறை அள்ளப் போனேன். சும்மா போய் நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

"சோறு ஆறுது. துண்ணுய்யா" என்றாள் அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளையில்லை. வாய் மட்டும் ஏழு பிள்ளை பெற்றவள் வாய்.

"வேணாம்மே."

"இன்னாத்துக்கு? சத்தியம் பண்ணவன் வூட்ல பன்னிக்கறி வேவுது. நீ இங்க மோட்டுவளைய பாத்துனு குந்தினுகிற."

"நான் பாத்தேம்மே."

"இன்னாத்த?"

"நான் பெரிய மரத்து உச்சில நின்னுனு இருந்தேன். அவன் கீழ வந்தான். பீடி இழுத்தான். பாதிய சருகுல வீசிட்டுப் போய்ட்டான். வேணும்னு போடல. ஆனா போட்டான். நான் எறங்கி வூட்டுக்கு வந்தப்பறந்தான் பொகஞ்சிகீது."

நான் கொள்ளை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன்.

"அத்த ஊர்ல எழுந்து சொல்றதுக்கு இன்னா? நாக்குல முள்ளு ஏறிச்சா?"

"வேல பூடும் அவனுக்கு. ரெண்டு புள்ள வெச்சினுகிறான்."

"சரி, சொல்லாத. அவன் பொய் அவனோட போவட்டும். அதுக்கு நீ ஏன் பட்னி?"

"மூணு தபா பேர சொன்னானே, கேட்டியா? அப்பன் பேர சொன்னானா? காக்கின்னு சொன்னானா? வெறும் வேடியப்பன்னுதான் சொன்னான். அது பொறப்பட்டு வந்தா எந்த வேடியப்பன் வூட்டுக்கு வரும்?"

சுந்தரம்மாள் சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுக் கோழிகள் கலைந்தன. "அய்ய! இருவத்தாறு வருசமா தம் பேரு வெச்சிக்கினு திரியற மூணு பேர்ல யாரு யோக்கியன்னுகூட தெரியாதா அந்த சாமிக்கு?"

"தெரிஞ்சவனே வாய மூடினு நின்னானேன்னு என்மேல கோவம் வந்தா?" என்றான் அவன். "நாப்பத்தெட்டு நாளு நான் மரம் ஏறமாட்டேம்மே. மொத கிளைலயே தட்டி விட்ரும்."

அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது. நாற்பத்தெட்டு நாள் என்றால் புளிக்காலமே முடிந்துபோகும். சித்திரையில் கோடைமழை இறங்கினால் மரத்தில் இருக்கிற பழமெல்லாம் புழு வைத்துப் பூசணம் பிடிக்கும். சாமை ஆடி வரைக்கும்தான் தாங்கும். ஆடிக்கு மேல் அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த ஒன்பது மரத்தில்தான் இருந்தது.

சொன்னபடியே மறுநாளிலிருந்து அவன் ஏறவில்லை. ஏறாதது மட்டுமா? கொடுவாளைத் துணியில் சுற்றிக் கூரையில் செருகினான். பரண்மேல் இருந்த பானைகளைத் தரையில் இறக்கினான். சுந்தரம்மாளை ஓடைப்பக்கம் போகாதே, பாம்புப் புற்றுப் பக்கம் போகாதே, அடுப்பில் பெரிய கட்டை வைக்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். முற்றத்துக் கல்லைக்கூடச் சுற்றிக்கொண்டு நடந்தான். வாத்து நடைக்கு அது இன்னும் அழகாக இருந்தது.

நான் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். பீடிச் சங்கதி வெளியே வந்தால் ஊரில் வெட்டுக்குத்து ஆகும் என்று அதை விழுங்கிவிட்டேன். சாமிக்கு வீடு மாறிவிடும் என்று அவன் பயப்படுவதை மட்டும் சுனையில் தண்ணீர் மொள்ளும்போது முத்தம்மாளிடம் சொன்னேன். "பாவம், சாமிக்கு விலாசம் தெரியாதாம். போஸ்ட்டுமேன் வந்துதான் வழி காட்டணும்" என்று ஒரு வார்த்தை கூடப் போட்டேன். அந்த வார்த்தைதான் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அவனைக் கண்டால், "இன்னாப்பா, கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டார்கள்.

பங்குனி பாதியில் நசீர் பாய் வந்தார். மலைப்புளியும் கடுக்காயும் வாங்கிக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போகிறவர், வருஷாவருஷம் வருகிறவர். மரத்தைப் பார்த்தார். ஒரு பழம் இறங்கவில்லை.

"அரே வேடியப்பா, இன்னாப்பா இது? பழம் கருத்துப்போய் தொங்குது. உன் ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது பாய்."

"அப்பறம்?"

அவன் சொல்லவில்லை. சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோமே. பாய் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அது எனக்கு அப்போது ஏமாற்றமாகத்தான் இருந்தது. "பயத்துக்கு நம்ம கையில மருந்து இல்லம்மா" என்றார் சுந்தரம்மாளிடம். "சித்திர பொறந்து பத்து நாள் வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல மழை பட்ட பழத்த எவனும் வாங்கமாட்டான். என்னிய கோவிச்சிக்காதே."

அதே வாரம் தோல் வேடியப்பன் மூன்று வார லீவில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து, வெடித்து, நகங்கள் உதிர்ந்து கிடந்தன.

"எனக்குந்தாண்டா அந்தப் பேரு. தெனம் சுண்ணாம்புக் குழியில நிக்கிறேன். என்னிய அடிக்கணும்னா சாமி அவ்ளோ தூரம் பஸ் ஏறி வரணும். வந்தாலும் இந்த நாத்தத்துக்குத் திரும்பிப் பூடும். மரத்துல காத்து வாங்கினு நிக்கிற உனக்கு இன்னாடா பயம்? பொட்டச்சி மாதிரி."

புளி வேடியப்பன் எழுந்து போனான். சுந்தரம்மாள் முகத்தை நான் பார்த்தேன். அதுவரை புருஷனை அவளே திட்டினாளே தவிர, மற்றவர்கள் திட்டி அவள் கேட்டதில்லை.

அடுத்து காக்கி வந்தான். புளி வேடியப்பன் பயப்படப் பயப்பட ஊர் காக்கியைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஏன் புளிக்காரன் மட்டும் நடுங்குகிறான், அவனுக்கு என்ன தெரியும் என்று பெரியம்மாள் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். படலுக்கு இந்தப் பக்கம் நான் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தேன்.

"பேருக்காரா, நாளைக்கு மரம் ஏறு" என்றான் காக்கி.

"நீ கல்லாண்ட போய் வாபஸ் வாங்கு. ஏறுறேன்."

"வாபஸ் வாங்கினா சட்டைய கழட்டினு அனுப்பிருவான். என் புள்ளைங்க கெழங்கு தோண்டித் துண்ணணுமா?"

"நான் மட்டும் இன்னா துண்ணப்போறேன்?"

"முப்பது நாளு பூடுச்சி. எனக்கு ஒரு தும்மல்கூட வரல, பாரு. அது வெறும் கல்லுடா."

"வெறும் கல்லுன்னா, போய் உண்மைய சொல்லு. கல்லாண்ட சொல்றதுக்கு இன்னா பயம்?"

காக்கி சுற்றிலும் பார்த்தான். பிறகு குரல் இறங்கி, "நீ பாத்தத யாராண்டயாவது சொன்னியா?" என்று கேட்டான்.

"சொல்லணும்னா அன்னிக்கே சொல்லிருப்பேன்."

காக்கி போய்விட்டான். போகும்போது ஊக்கு கழன்று சட்டை திறந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை.

சித்திரை ஆறாம் நாள் ராத்திரி முதல் மழை பெய்தது. பெரிய மழையில்லை, மண்ணைத் தட்டிவிட்டுப் போகிற மழை. விடிந்ததும் எல்லோரும் சுனைக்கு வந்தோம். சுந்தரம்மாளும் குடத்தோடு வந்தாள். அவள் வந்ததை முத்தம்மாள் கவனிக்கவில்லையோ, கவனித்துத்தான் சொன்னாளோ, "மழையோட கடுதாசியும் வந்திருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். என் வார்த்தையாயிற்றே.

சுந்தரம்மாள் குடத்தைச் சுனைக்கரையில் வைத்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழியில் தொரட்டிக்கோலை எடுத்துக்கொண்டு, சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பெரிய மரத்துக்குப் போனாள்.

எங்கள் மலையில் பெண்கள் செய்யாத வேலை இல்லை. விறகு வெட்டுவோம், ஏர்கூடப் பிடிப்போம். புளியமரம் மட்டும் ஏறுவதில்லை. அவள் ஏறினாள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கவைக்குப் போய்விட்டாள். பட்டை மழையில் ஊறிக் கருத்திருந்தது.

"எறங்குடி! வழுக்குண்டி!"

"நான் எறங்கினா உம்புருசனா வந்து ஏறுவான்? போடி" என்றாள் மேலிருந்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோலால் ஒரு கிளையைத் தட்டினாள். பழம் சடசடவென்று கொட்டியது. அவளுக்கே சந்தோஷமாகிவிட்டது. "பொறுக்குங்கடி, வேடிக்க பாக்காம" என்று அடுத்த கிளைக்குக் காலை வைத்தாள்.

புளி வேடியப்பன் வாத்து நடையை மறந்து ஓடிவந்துகொண்டிருந்தான். "ஏமே, அசையாத! அப்படியே நில்லு, நான் வர்றேன்!" என்று கத்தினான். குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள்.

அவ்வளவுதான்.

கட்டிலைக் கவிழ்த்துக் கம்பு கட்டி அவளைத் தூக்கினார்கள். முன்பக்கம் புருஷனும் காக்கியும், பின்பக்கம் என் வீட்டுக்காரரும் தோல் வேடியப்பனும். லீவு முடிந்து மறுநாள் காலையில் கிளம்ப இருந்தவன் அவன். ஜமுனாமரத்தூர் போய் அங்கிருந்து போளூர் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. பாதி வழியில், நெல்லிமரத் திருப்பத்தில், அவள் தண்ணீர் கேட்டாளாம். இறக்கிவைத்துக் கொடுத்தார்களாம். குடித்துவிட்டு, "நீ ஏறலியே?" என்று புருஷனைக் கேட்டாளாம். "இல்லம்மே" என்றானாம். "ஏறாத, வழுக்குது" என்றாளாம். அதற்குப் பிறகு தூக்கிக்கொண்டு போக வேலையில்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. யாரும் கூட்டவில்லை, தானாகக் கூடியது. நாற்பத்தெட்டு நாள் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. கெடுவுக்குள் ஒரு வேடியப்பன் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. பெரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு, "அடிச்சிடுச்சே, வூடு மாத்தி அடிச்சிடுச்சே!" என்று அழுதாள். சிரித்த வாய்களெல்லாம் இப்போது அதையே சொல்லின. புளிக்காரன் சொன்னது சரிதான், சாமிக்கு ஆள் மாறிவிட்டது. முத்தம்மாள் எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. சாமி செய்தது என்றால் சுனைக்கரையில் நடந்ததைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

காக்கி கூட்டத்தின் நடுவில் வந்து நின்றான். சட்டை போட்டிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்திருந்தான்.

"நான்தான் பீடி போட்டேன். பொய்ச்சத்தியம் பண்ணேன். வேலை போனா போவட்டும். எம்புள்ளைங்கள விட்டுரச் சொல்லுங்க" என்று கவுண்டர் காலில் விழுந்தான்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. கவுண்டர் புளி வேடியப்பன் பக்கம் திரும்பினார். "கேட்டியாப்பா? உம்பொண்டாட்டி சாவு இவன் பொய்யால வந்துது. நீ இன்னா சொல்றியோ அதான் தீர்ப்பு. இவன ஊர விட்டுத் தள்ளணுமா, சொல்லு."

புளி வேடியப்பன் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் காத்திருந்தோம். அவன் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் எல்லோருக்கும் விடுதலை.

"சாமிக்கு எங்க மூணு பேரையும் தெரியும் கவுண்டரே" என்றான். "அது யாரையும் மாத்தி அடிக்கல."

"அப்பறம்?"

"ஏற வேண்டியவன் நான். நான் ஏறல. அதால அவ ஏறினா. இதுல சாமிய இழுக்காதீங்க." காக்கி பக்கம் கையைக் காட்டினான். "அவனயும் இழுக்காதீங்க. மாட்டுக்கு மாடு குடுக்கச் சொல்லுங்க, பெரியம்மா பாவம்."

யார் மேல் போடுவது என்று தெரியாமல் நாங்கள் கலைந்தோம். பழியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவது எவ்வளவு கனம் என்பது நடக்கும்போதுதான் தெரிந்தது. காக்கி பிள்ளைகளோடு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வெயில் ஏறியதும் மரம் உலுக்குகிற சத்தம் கேட்டது. கெடு முடியவில்லை. தீட்டும் முடியவில்லை. புளி வேடியப்பன் பெரிய மரத்தின் உச்சியில் நின்றிருந்தான். ஒரு கையால்கூட எதையும் பிடிக்கவில்லை. கிளை கிளையாக மிதித்து உலுக்கினான். பழம் மழை மாதிரி கொட்டியது. கீழே பொறுக்க ஆளில்லை. வருஷாவருஷம் அவன் உலுக்க உலுக்க, மேலே பார்த்துத் திட்டிக்கொண்டே பொறுக்குகிறவள் ஒருத்திதான்.

நான் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். முத்தம்மாள் வந்தாள். பெரியம்மாள் வந்தாள். பிறகு காக்கி வந்து, பெண்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுக்கினான். தலையில், முதுகில், கையில் பழம் விழுந்துகொண்டே இருந்தது. வலித்தது. மேலே நிமிர்ந்து, கொஞ்சம் மெதுவாக உலுக்கு என்று அவனிடம் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.